ரப்பர் படகின் கட்சி

உல்லாசக் கப்பல் என்பது மிதக்கும் ஓர் ஊர். நீச்சல் குளம், நாடக அரங்கம், உடற்பயிற்சிக் கூடம், விடியற்காலையில் தொடங்கி நள்ளிரவு வரை ஓயாத பந்தி என்று ஓர் ஊருக்கு வேண்டியதும் வேண்டாததும் அதில் உண்டு. இத்தனையோடு மூவாயிரம் பேரையும் சுமந்துகொண்டு அது ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்து, நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் ஸ்வோல்வார் என்னும் சிற்றூருக்கு வெளியே நங்கூரம் போடுகிறது. அதன் பிறகு நடப்பதுதான் வேடிக்கை. லட்சக்கணக்கில் பணம் கட்டி அந்த மாளிகைக்குள் இடம் பிடித்தவர்கள், மேற்கொண்டும் பணம் கட்டி அதிலிருந்து இறங்குவதற்கு வரிசையில் நிற்கிறார்கள். கரையில் அவர்களுக்குத் தொளதொளவென்று ஓர் ஆரஞ்சு நிற மிதவை உடுப்பை மாட்டிவிடுகிறார்கள். கூரையில்லாத, கழிப்பறையில்லாத, காபிகூட இல்லாத ரப்பர் படகில் பத்துப் பன்னிரண்டு பேராக ஏற்றி, முகத்தில் உப்புத் தண்ணீர் அறைய ஃபியோர்டுக்குள் கொண்டுபோகிறார்கள். நட்சத்திர ஓட்டலில் விருந்துக்குச் சீட்டு வாங்கியவர் பாதிப் பந்தியில் எழுந்துபோய், வாசலில் நிற்கும் கையேந்தி பவனில் காசு கொடுத்துச் சாப்பிட்டால் நாம் என்ன நினைப்போம்? ஆளுக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும், அல்லது உள்ளே சாப்பாடு சரியில்லை. இத்தனை பேருக்கு ஒரே நாளில் புத்தி பிசகாது. ஆகவே சாப்பாட்டைத்தான் விசாரிக்க வேண்டும்.

விசாரித்த வகையில் என் கட்சி இதுதான்: ஆர்க்டிக் ஃபியோர்டைப் பார்க்க வேண்டுமானால் ஆள் முதலில் சிறுத்தாக வேண்டும். பெரிய கப்பல் உங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்; காட்டுவது ரப்பர் படகு. இதில் கவித்துவம் ஒன்றும் கிடையாது, வெறும் அளவுக் கணக்கு. ஃபியோர்டு என்பது பனியாறு காலி செய்துவிட்டுப் போன வீடு. பல்லாயிரம் ஆண்டுகள் குடியிருந்து, சுவரைச் சுரண்டி, தரையைத் தோண்டி, கடைசியில் உருகிப் பின்வாங்கியது பனியாறு. காலியாகக் கிடந்த பள்ளத்தைக் கடல் ஆக்கிரமித்துக்கொண்டது. பட்டா இன்றுவரை பனியாற்றின் பெயரில்தான். பனியின் கனம் நிலத்தின் உட்பக்கத்தில் அதிகம், கடலைத் தொடும் இடத்தில் குறைவு. அதனால் ஃபியோர்டுகள் பெரும்பாலும் வாசலில் மேடும் உள்ளே பள்ளமுமாக இருக்கின்றன. நார்வேயின் மிக நீளமான சோங்னெ ஃபியோர்டு உள்ளே 1,300 மீட்டர் ஆழம். வாசலில் 200 மீட்டர்கூட இல்லை. இந்த ஆழம்தான் பெரிய கப்பல்களுக்குத் துணிச்சல் கொடுத்தது. தரை தட்டாது என்று தெரிந்தால் யாரும் உள்ளே வரத்தான் செய்வார்கள். ஆனால் தரை தட்டாமல் இருப்பதும் கண்ணுக்குப் புலப்படுவதும் வேறு வேறு விஷயங்கள்.

ஸ்வோல்வாரிலிருந்து படகேறுபவர்கள் எல்லோரும் கேட்கும் ட்ரோல்ஃபியோர்டையே எடுத்துக்கொள்வோம். ட்ரோல் என்பது நார்வே நாட்டார் கதைகளில் வரும் மலைப்பூதம். பூதத்தின் பெயரைச் சூட்டியிருக்கிறார்களே, பிரம்மாண்டமாக இருக்கும் என்று நினைத்தால் நீளம் இரண்டே கிலோமீட்டர். வாயின் அகலம் சுமார் 100 மீட்டர். இரு பக்கமும் பாறை தண்ணீரிலிருந்தே செங்குத்தாகக் கிளம்புகிறது. சுற்றியுள்ள சிகரங்களில் சில ஆயிரம் மீட்டரைத் தாண்டியவை. 1893 முதல் நார்வேக் கரையோரமாகச் சரக்கும் பயணிகளும் ஏற்றிச் செல்லும் ஹுர்டிக்ரூட்டன் கப்பல்கள் கோடையில் இதற்குள் நுழைந்து காட்டுவதுண்டு. அவற்றில் பல 120 மீட்டருக்கு மேல் நீளமானவை. வாசலின் அகலத்தைவிட வண்டியின் நீளம் அதிகம். சந்துக்குள் தேரை விட்டதுபோல நுழைந்து, உள்ளே சற்று அகலமான இடத்தில் நின்ற நிலையிலேயே சுழன்று வெளியே வரும். மாலுமியின் திறமைக்குக் கை தட்டலாம், தட்டுகிறார்கள். ஆனால் தட்டுகிறவர்களின் கண் எங்கே இருக்கிறது? முன்பக்கம் இடிக்குமா, பின்பக்கம் உரசுமா என்று கப்பலின் மேலேயே இருக்கிறது. மலையைப் பார்க்க வந்தவர்கள் பார்க்கிங்கைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மூவாயிரம் பேர் கப்பலுக்கு அந்தப் பாக்கியமும் கிடையாது. அது உள்ளே வராது.

உள்ளே வந்தாலும் பயன் குறைவுதான். பன்னிரண்டாவது மாடியில் சாய்வு நாற்காலியில் படுத்திருப்பவருக்கு மலை என்பது எதிர்வீட்டு மொட்டைமாடி. நேராகப் பார்த்தாலே தெரிகிறது, கழுத்து வலிப்பதில்லை. கழுத்து வலிக்காமல் எந்த உயரமும் மனத்தில் ஏறாது. இது கோபுரத்துக்கும் பொருந்தும், மேலதிகாரிக்கும் பொருந்தும். ரப்பர் படகில் உங்கள் கண் நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஆயிரம் மீட்டர் பாறையை நிமிர்ந்து பார்த்தால் தொப்பி விழும். இன்னொரு சிக்கலும் உண்டு. வடக்கே போகப் போக மரங்கள் குட்டையாகி, ஸ்வால்பார்டு தீவுகளை எட்டும்போது ஒரு மரம்கூட இல்லை. வீடு இல்லை, கம்பம் இல்லை, ஆடு மேய்ப்பவர் இல்லை. இது இத்தனை பெரிது என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கண்ணுக்கு ஒரு பிடியும் கிடைப்பதில்லை. காற்றோ தூசியில்லாமல் துலக்கி வைத்ததுபோல இருப்பதால் பத்துக் கிலோமீட்டர் தூரம் கூப்பிடு தூரமாகத் தெரியும். மாடியில் இருப்பவருக்கு மலையின் அளவு திடீரென்று உறைப்பது எப்போது? அதன் அடியில் நாலைந்து ஆரஞ்சுப் பொட்டுகளோடு ஒரு ரப்பர் படகு ஊர்ந்து போகும்போது. ஆக, படகில் இருப்பவர் தானும் பார்க்கிறார். மேலே இருப்பவர்களுக்கு இலவச அளவுகோலாகவும் தொண்டு செய்கிறார்.

அந்த ஆரஞ்சு உடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கப்பலில் ஆட்களைத் தரம் பிரிப்பது எளிது: ஜன்னல் இல்லாத அறை, ஜன்னல் அறை, பால்கனி அறை, அதற்கும் மேலே பணியாளோடு கூடிய அறை. மிதவை உடுப்புக்குள் போன பிறகு வங்கி அதிபருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. இருவரும் பலூன் பொம்மைகள். கைப்பை, நகை, மணிக்கட்டில் கட்டிய விலையுயர்ந்த கடிகாரம் எல்லாம் உள்ளே அடைபட்டுவிடும். மூக்கு மட்டும் வெளியே, அதுவும் சிவந்து. சமத்துவத்துக்காக எத்தனையோ புரட்சிகள் நடந்திருக்கின்றன. நார்வேக்காரர்கள் அதை ஒரு ஜிப்பில் முடித்துவிட்டார்கள். பணம் கொடுத்துப் பெரியவராக வந்தவர் மேலும் பணம் கொடுத்துச் சிறியவராகிறார். வாமன அவதாரத்தைத் திருப்பிப் போட்ட கதை இது.

கண்ணைவிடக் காது இன்னும் வலுவான சாட்சி. ஸ்வால்பார்டில் பனியாறு கடலைத் தொடும் ஃபியோர்டுகளில், முகப்பிலிருந்து பத்திரமான தூரத்தில் படகை நிறுத்தி எஞ்சினை அணைத்தால் ஒரு சத்தம் கேட்கும். சூடான எண்ணெயில் கடுகு போட்டதுபோலச் சடசடவென்ற சத்தம். சுற்றி மிதக்கும் பனித்துண்டுகள் உருகும்போது, அவற்றுக்குள் நெடுங்காலம் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடந்த காற்றுக் குமிழ்கள் வெடித்து வெளியேறும் ஓசை அது. தலைமுறை தலைமுறையாகத் தூங்கியே கழித்த காற்று, உங்கள் காதருகே வந்து விடுதலையாகிறது. கப்பலின் மேல்தளத்தில் இது கேட்காது. அங்கே ஜெனரேட்டரின் உறுமல், குளத்தோர இசை, இரவு உணவுக்கான அறிவிப்பு. தாளிக்கும் சத்தம் கேட்க வேண்டுமென்றால் அடுக்களைக்குப் போக வேண்டும். வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் கேட்கவில்லை என்று புகார் சொல்லக் கூடாது.

சிறியது, பெரியது என்ற இந்த வழக்கு ஏதோ சுற்றுலாக்காரர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. ட்ரோல்ஃபியோர்டில் அது ஏற்கெனவே ஒருமுறை விசாரணைக்கு வந்து தீர்ப்பும் ஆகியிருக்கிறது. ஆண்டுதோறும் குளிர்காலத்தின் பிற்பாதியில் காட் மீன்கள் முட்டையிட லோஃபோட்டனுக்குத் திரண்டு வரும். 1890 மார்ச்சில் அந்தக் கூட்டம் ட்ரோல்ஃபியோர்டுக்குள் புகுந்துவிட்டது. பெரிய நீராவிக் கப்பல்காரர்கள் சிலர் வாயை வலைகளால் மறித்து, மொத்த மீனும் எங்களுக்கு என்றார்கள். துடுப்புப் படகுகளில் வந்த சாதாரண மீனவர்கள் வெளியே நின்றார்கள். நம் கடற்கரையில் சுருக்குமடி வலைக்காக நடக்கும் சண்டையை அறிந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. படகுக்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கூட்டமாக மோதினார்கள். கப்பல்காரர்கள் கொதிக்கும் நீராவியைப் பீய்ச்சினார்கள். கடைசியில் உள்ளே போனவை சிறு படகுகளே. சட்டமும் பிற்பாடு அவர்கள் பக்கம் சாய்ந்து, லோஃபோட்டன் மீன்பிடியில் அத்தகைய வலைகளுக்குத் தடை வந்தது. ஸ்வோல்வாரில் பிறந்த ஓவியர் கூனார் பெர்க் இந்த மோதலை ஓவியமாகத் தீட்டிவைத்திருக்கிறார். அங்கே போகும் ஒவ்வொரு ரப்பர் படகும் வெற்றி பெற்ற கட்சியின் வாரிசு என்று நான் வாதிட்டால், அதைக் கொஞ்சம் மிகை என்று தள்ளலாம். முழுப் பொய் என்று தள்ள முடியாது.

சட்டம் அதோடு நிற்கவில்லை. ஸ்வால்பார்டின் முக்கியக் குடியிருப்பான லாங்யியர்பியனில் வசிப்பவர்கள் சுமார் 2,500 பேர். பெரிய கப்பல் ஒன்று வந்து நின்றால், அன்று ஊரில் ஊர்க்காரர்களைவிட விருந்தாளிகள் அதிகம். பொறுத்துப் பார்த்த நார்வே அரசு 2025 ஜனவரி முதல் விதிகளை இறுக்கிவிட்டது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் வரும் கப்பலில் 200 பயணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. அங்கே கரையிறங்க 43 இடங்கள் மட்டுமே. பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். கரடி இதைக் கேட்டு நிம்மதி அடைந்ததா தெரியாது. அதன் தரப்பில் இப்படி எந்தத் தூரக் கட்டுப்பாடும் விதிக்கப்படவில்லை. ஆனால் அரசு எந்தப் பக்கம் பேசுகிறது என்பது தெளிவு: வருவதானால் சிறுத்து வா.

பெரிதாக வந்தவர்கள் அந்தத் தீவுகளில் பட்ட பாட்டுக்கும் சான்று இருக்கிறது. முதல் உலகப்போருக்கு முன்னால் எர்னஸ்ட் மான்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர் ஸ்வால்பார்டின் காங்ஸ்ஃபியோர்டில் பளிங்குக்கல்லைக் கண்டார். ஒரு கம்பெனியே கிளம்பி வந்தது. வீடுகள், பாரந்தூக்கி, நீராவி இயந்திரம், தண்டவாளம் எல்லாம் இறக்கி, அந்தக் குடியிருப்புக்கு நியூ லண்டன் என்று பெயரும் வைத்தார்கள். கல்லை வெட்டினார்கள். பனி பிடித்து நிறுத்தியிருந்தவரை பளிங்காக இருந்தது, பனி விட்டதும் பொடிந்தது. யுகயுகமாக உறைந்தும் உருகியும் விரிசல் கண்ட கல் அது. வீடுகளில் சில பிற்பாடு ஃபியோர்டைத் தாண்டி நியூ ஆலசுண்டுக்கு இடம்பெயர்ந்தன; இயந்திரங்கள் இன்றும் நியூ லண்டனிலேயே துருப்பிடித்து நிற்கின்றன, படகில் போகிறவர்கள் பார்க்கலாம். கம்பெனி தீபகற்பம் என்று நம்பிக் கடைவிரித்த அந்த நிலமும் பின்னால் கட்சி மாறிவிட்டது. அதைப் பெருநிலத்தோடு ஒட்டிவைத்திருந்த பனியாறு பின்வாங்கியதும், அது தீவு என்று தெரிந்தது. பெயர் மட்டும் இன்னும் ‘பிளோம்ஸ்ட்ராண்டு தீபகற்பம்’. ஆர்க்டிக்கிலிருந்து எதையாவது மொத்தமாக அள்ளிக்கொண்டு போக வந்தவர்களுக்கு அது கொடுத்தனுப்பியது ஜல்லி.

இனி எதிர்க்கட்சி. முதல் ஆட்சேபம், படகில் சுகம் இல்லை என்பது. உண்மை. மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் படகில் கோடைக் காற்றும் கத்தியாகும். இரண்டு மணி நேரம் கழிப்பறை கிடையாது. இருந்தாலும் பயன்படாது, அந்த உடுப்பைக் கழற்றி மாட்டவே இரண்டு ஆள் துணை வேண்டும். ஆனால் சுகம்தான் நோக்கம் என்றால் கப்பலும் தேவையில்லை, வீட்டு ஊஞ்சல் போதும். இரண்டாவது ஆட்சேபம், படகில் காட்டும் கழுகு வெறும் நாடகம் என்பது. இதுவும் பெரும்பாலும் உண்மை. வழிகாட்டி மீனை வீசுகிறார், முதலில் கடற்காகங்கள் பந்திக்கு முந்துகின்றன, பிறகு இரண்டு மீட்டருக்கு மேல் சிறகு விரித்து வெண்வால் கழுகு இறங்கி, அலைமேலிருந்து மீனைப் பற்றிக்கொண்டு போகிறது. நேரம் தவறாமல் வருவதைப் பார்த்தால் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்குமோ என்று தோன்றும். ஆனால் 1968இல் நார்வே சட்டம் போட்டுக் காப்பாற்றியிருக்காவிட்டால் நடிக்க இந்த நடிகரே இருந்திருக்க மாட்டார். தவிர, நாடகமே ஆனாலும் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதற்கும், பன்னிரண்டாவது மாடியிலிருந்து ஒரு புள்ளி இன்னொரு புள்ளியைத் தூக்கிப்போவதைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

மூன்றாவது ஆட்சேபத்துக்கு நான் தலைவணங்குகிறேன். முழங்கால் தேய்ந்தவர்களும் இடுப்பு உடைந்தவர்களும் ரப்பர் படகில் குதித்து ஏற முடியாது. பெரிய கப்பல் இல்லாவிட்டால் அவர்களுக்கு ஆர்க்டிக்கே இல்லை. சரி. பாட்டிக்குப் பால்கனி உரிமை உண்டு. போர்வை போர்த்திக்கொண்டு, சூடாக எதையாவது குடித்துக்கொண்டு, அவர் தாராளமாகப் பார்க்கட்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பழைய படம் பார்க்கும் இருபத்தைந்து வயதுப் பேரனுக்குத்தான் என் வாதம். அப்படிப்பட்டவர்களுக்கென்றே நியூ ஆலசுண்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. வானத்தின் விளிம்பிலிருந்து வரும் மிக மெல்லிய ரேடியோ அலைகளை அங்கே பெரிய தட்டுகள் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இருபது கிலோமீட்டர் சுற்றளவில் வைஃபையும் புளூடூத்தும் அணைத்திருக்க வேண்டும். பல கோடி ஒளியாண்டு தூரத்திலிருந்து வரும் ஒரு முணுமுணுப்புக்காக நம் ஆள் ஒரு வேளை வாட்ஸப்பைத் தியாகம் செய்ய வேண்டும். ஆள் சிறுக்க இதைவிட நல்ல பயிற்சி வேறு இல்லை.

கடைசி ஆட்சேபம் கடினமானது. எண்ணெய் எரித்து விமானத்தில் பறந்து, மேலும் எரித்துக் கப்பலில் மிதந்து, உருகும் பனியைப் பார்த்து உச்சுக்கொட்டுவதைவிட, போகாமலே இருப்பது மேல் அல்லவா? மேல்தான். ரப்பர் படகு இந்தப் பாவத்தைக் கழுவாது; மூவாயிரம் பேர் கப்பலிலிருந்து இறங்கி இரண்டு மணி நேரம் சிறுத்திருப்பவர், மாலையில் மறுபடி அந்தக் கப்பலுக்கே போகிறார். கொழுப்பான விருந்துக்குப் பின் வெற்றிலை போட்டால் செரித்துவிடும் என்று நம்புவது போன்றதே இது. ஸ்வால்பார்டு கடலில் கரி கக்கும் கனரக எண்ணெய்க்கு 2022 முதல் தடை இருக்கிறது. ஸ்வோல்வாரிலிருந்து ட்ரோல்ஃபியோர்டுக்கு மின்சாரத்தில் சத்தமில்லாமல் போகும் படகுகளும் வந்துவிட்டன. இரண்டும் நல்லவை, இரண்டும் போதாதவை. என் வாதத்துக்கு இது எதிரா? வலு என்றே சொல்வேன். சிறுக்க வேண்டும் என்பதைக் கரையில் இறங்கிய பிறகு மட்டும் கடைப்பிடித்தால் போதாது, புறப்படும்போதே கடைப்பிடிக்க வேண்டும் என்றுதான் இந்த ஆட்சேபம் சொல்கிறது. அதை நானும் வழிமொழிகிறேன்.

அந்த வகையில் பார்த்தால், ஆர்க்டிக்குக்குப் போனவர்களில் மிக ஒழுங்கான பயணி சென்னையிலிருந்து போயிருக்கிறது. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறியாளர்கள் பங்கேற்று உருவாக்கிய ‘இண்டார்க்’ என்ற ஆய்வுச் சாதனம், 2014 ஜூலையில் அதே காங்ஸ்ஃபியோர்டுக்குள் இறக்கப்பட்டது. ஆழம் சுமார் 192 மீட்டர். நீரின் வெப்பம் என்ன, உப்பு எவ்வளவு, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று அது குறித்துக்கொண்டே இருந்தது. பால்கனி கேட்கவில்லை, பந்தி கேட்கவில்லை, கழுகோடு படம் எடுத்துக்கொள்ளவில்லை. மூவாயிரம் பேர் ஒரு கோடைகாலத்தில் பார்ப்பதைவிட அதிகமாக அந்த ஃபியோர்டைப் பார்த்தது அதுதான்.

நாம் இண்டார்க் ஆக முடியாது. நமக்குப் பசிக்கும், குளிரும். ஆகவே தீர்ப்பு இப்படி: போகாமல் இருக்க முடிந்தவர்கள் போக வேண்டாம். போய்த்தான் தீர வேண்டும் என்பவர்கள், இருக்கிற கப்பல்களில் சிறியதில் போங்கள். பெரியதில்தான் இடம் கிடைத்தது என்றால், பால்கனிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை மிச்சம் பிடித்துப் படகுக்குக் கொடுங்கள். உள்ளே போனதும் எஞ்சினை நிறுத்தச் சொல்லி ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வையுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த ஆரஞ்சு உடுப்பை மாட்டுவதற்கு முன்னால், கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள்.